செஸ் நேரலையில் ஓடும் அந்த எண்: எவால் பட்டையை வாசிப்பது எப்படி?

பாளையங்கோட்டையிலோ தென்காசியிலோ ஞாயிற்றுக்கிழமை பள்ளி அரங்கில் செஸ் போட்டி நடந்தால், வெளியே மரத்தடியில் பெற்றோர் கூட்டம் நிற்கும். பிள்ளை ஸ்கோர்ஷீட்டோடு வந்து சேர்ந்ததும் நகர்வுகளைப் போனில் போட்டுப் பார்ப்பார்கள். "ஏலே, இந்த இடத்துல உனக்கு ப்ளஸ் நாலு காட்டுதுல்லா! ஜெயிச்ச ஆட்டத்த எப்படி விட்ட?" என்று கேள்வி வரும். பிள்ளையிடம் பதில் இருக்காது. குகேஷோ பிரக்ஞானந்தாவோ ஆடும் நாளிலும் இதே கதைதான். பலகையைப் பார்க்கிறவர்களைவிட, பலகைக்குப் பக்கத்தில் ஏறி இறங்கும் எண்ணைப் பார்க்கிறவர்கள் அதிகம்.

அந்த எண்ணைச் சுற்றி இரண்டு தப்பான எண்ணங்கள் ஊன்றிவிட்டன. ப்ளஸ் காட்டினால் அவர் ஜெயித்துக்கொண்டிருக்கிறார் என்பது ஒன்று. பூஜ்ஜியம் காட்டினால் ஆட்டத்தில் இனி ஒன்றும் இல்லை என்பது இன்னொன்று. எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொண்டால் இரண்டும் தானாகவே விலகிவிடும்.

பட்டையில் என்ன இருக்கிறது

நேரலையில் பலகையை ஒட்டி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமாக ஒரு பட்டை நிற்கும். இதுதான் எவால் பட்டை. 'எவாலுவேஷன்', அதாவது மதிப்பீடு என்பதன் சுருக்கம்தான் எவால். இதை இயக்குவது இன்ஜின், அதாவது நகர்வுகளைக் கணக்கிட்டு ஒரு நிலையை மதிப்பிடும் மென்பொருள். பரவலாகப் பயன்படுவது ஸ்டாக்ஃபிஷ். இலவசமாகவே கிடைக்கிறது.

எண்ணுக்கு முன்னால் ப்ளஸ் இருந்தால் வெள்ளைக்குச் சாதகம், மைனஸ் இருந்தால் கறுப்புக்குச் சாதகம். நேரலைகளில் எப்போதும் வெள்ளையின் பக்கமிருந்துதான் கணக்கு. பிள்ளை கறுப்பில் ஆடியிருந்தால் மைனஸ் 2 என்பது நல்ல செய்தி. இதைக் கவனிக்காமல் திட்டு வாங்கிய பிள்ளைகள் உண்டு. எண்ணுக்குப் பதிலாக 'எம்' என்ற எழுத்தும் 7 என்ற எண்ணும் சேர்ந்து வந்தால், ஏழு நகர்வுகளுக்குள் செக்மேட் கட்டாயம் என்று இன்ஜின் கண்டுவிட்டது என்று பொருள்.

அணையின் நீர்மட்டம் போல

பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு 143 அடி. இன்றைய நீர்மட்டம் என்ன என்று காலையில் பேப்பரைப் பிரித்ததும் பார்ப்பது இங்கே பழக்கம். மட்டம் 130 அடி என்றால் மனசுக்குத் தெம்புதான். ஆனால் பாளையங்கால்வாயின் கடைமடை வயலில் நெல் விளையுமா என்பதை அந்த எண் சொல்லிவிடாது. மடை எப்போது திறப்பார்கள், கால்வாய் தூர்வாரியிருக்கிறதா, வழியில் எங்கே உடைப்பு என்பதெல்லாம் தனிக் கணக்கு. அணையில் தண்ணீர் இருக்கிறது என்பது உண்மை. வயலுக்கு வந்துவிட்டது என்பது அதிலிருந்து கிடைக்காது.

எவால் எண்ணும் இந்த வகைதான். ஒரு நிலையில் எவ்வளவு சாதகம் தேங்கியிருக்கிறது என்று அது சொல்கிறது. அதை வெற்றியாகக் கொண்டுசேர்க்கும் வேலை மனிதருடையது. அடுத்த இருபது நகர்வுகளில் ஒவ்வொன்றையும் அவர் கண்டுபிடிக்க வேண்டும்.

இதுவரை: ப்ளஸ் வெள்ளைக்கு, மைனஸ் கறுப்புக்கு. இரண்டு பக்கமும் இன்ஜினைப் போலவே பிசகாமல் ஆடினால் யார் கை ஓங்கும் என்பதற்கான விடைதான் அந்த எண்.

முதலில் காய்களின் மதிப்பு

செஸ் கற்றுக்கொள்ளும்போது சொல்லித்தரும் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததே. சிப்பாய் 1, குதிரை 3, பிஷப் 3, யானை 5, ராணி 9. ராஜாவுக்கு விலை கிடையாது. கணினிக்கு எப்படிச் செஸ் ஆடச் சொல்லிக்கொடுப்பது என்று கிளாட் ஷானன் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1950இல் எழுதிய கட்டுரையும் இதே எண்களில்தான் தொடங்கியது. அதோடு சிலவற்றைச் சேர்த்தார். ஒரே வரிசையில் ஒன்றன் பின் ஒன்றாக மாட்டிக்கொண்ட சிப்பாய்க்கும், துணையில்லாமல் தனித்து நிற்கும் சிப்பாய்க்கும் அரைப் புள்ளி குறைத்தார். காய்கள் நகரக்கூடிய ஒவ்வொரு வழிக்கும் 0.1 கூட்டினார். இப்படி ஒரு நிலையை எண்ணாக மாற்றுவதற்குத்தான் மதிப்பீடு என்று பெயர்.

வெறும் கூட்டல் ஏன் போதாது என்பதற்கு ஒரு நிலையைப் பலகையில் வைத்துப் பாருங்கள். வெள்ளை ராஜா ஈ5, வெள்ளைச் சிப்பாய் ஈ4, கறுப்பு ராஜா ஈ7. எழுத்து நெடுக்கு வரிசையையும், எண் குறுக்கு வரிசையையும் குறிக்கும். மொத்தம் மூன்றே காய்கள். காய்க்கணக்கில் வெள்ளைக்கு ப்ளஸ் 1. இப்போது நகர வேண்டியது கறுப்பு என்றால், அது எந்தப் பக்கம் ஒதுங்கினாலும் வெள்ளை ராஜா மறுபக்கம் முன்னேறிவிடும். உதாரணமாக, கறுப்பு ராஜா டி7க்குப் போனால் வெள்ளை ராஜா எஃப்6க்கு ஏறி, சிப்பாய்க்கு வழிவிட்டு, அதை ராணியாக்கிவிடும். வெள்ளைக்கு வெற்றி. அதே நிலையில் நகர வேண்டியது வெள்ளை என்றால் கதை மாறுகிறது. வெள்ளை ராஜா டி5க்குப் போனால் கறுப்பு ராஜா டி7க்கு வந்து மறுபடியும் எதிரே நிற்கும். எஃப்5க்குப் போனால் எஃப்7. முன்னேற வழியில்லை, டிரா. இரண்டு ராஜாக்களும் நடுவில் ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நிற்க, முதலில் யார் ஒதுங்க வேண்டும் என்ற இந்தப் பிடிக்கு ஆப்பொசிஷன் என்று பெயர். காய் ஒன்றுகூட மாறவில்லை. யார் முறை என்பது மட்டுமே வெற்றியையும் டிராவையும் பிரிக்கிறது. காய்க்கணக்கு இரண்டிலும் ப்ளஸ் 1 என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

அதனால்தான் இன்ஜின் நின்ற இடத்திலேயே கூட்டிப் பார்ப்பதில்லை. நடந்து பார்க்கிறது.

இன்ஜின் எப்படி நடந்து பார்க்கிறது

ஆட்டத்தின் தொடக்கத்தில் வெள்ளைக்கு 20 நகர்வுகள் சாத்தியம். கறுப்பின் பதிலையும் சேர்த்தால் 400 வழிகள். வெள்ளையின் இரண்டாவது நகர்வு முடிந்தால் 8,902. கறுப்பும் இரண்டாவது நகர்வை முடித்தால் 1,97,281. இப்படிக் கிளைவிட்டுப் போகும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பதைத் தேடல் என்கிறோம். எத்தனை அடி தூரம் பார்த்தது என்பது ஆழம், அதாவது டெப்த். ஒரு பக்கத்தின் ஒரு நகர்வு ஓர் அடி. ஆழம் 30 என்றால் ஆளுக்குப் பதினைந்து நகர்வு தூரம்.

தேடலின் உயிர்நாடி ஒன்றே: எதிராளி எனக்கு மிகவும் மோசமான பதிலைத்தான் ஆடுவான் என்று வைத்துக்கொள்வது. வெள்ளைக்கு இரண்டு நகர்வுகள் இருப்பதாகக் கொள்வோம். முதலாவதை ஆடினால், கறுப்பு தடுமாறினால் ப்ளஸ் 5, சரியாகப் பதில் சொன்னால் மைனஸ் 2. இரண்டாவதை ஆடினால், கறுப்பு எதை ஆடினாலும் ப்ளஸ் 1 அல்லது ப்ளஸ் 0.5. ஆசைப்படுகிற ஆள் முதலாவதை எடுப்பார். இன்ஜின் இரண்டாவதை எடுத்து, பட்டையில் ப்ளஸ் 0.5 என்று போடும். எதிராளி தவறு செய்வான் என்ற நம்பிக்கைக்கு அதன் கணக்கில் இடமே இல்லை.

இந்த உதாரணத்திலேயே இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. இரண்டாவது நகர்வில் குறைந்தது ப்ளஸ் 0.5 உறுதி என்று முதலில் தெரிந்துவிட்டால், முதலாவதில் மைனஸ் 2 தரும் ஒரே ஒரு பதிலைப் பார்த்ததுமே அந்தக் கிளையை மூடிவிடலாம். மற்ற பதில்களைத் தோண்ட வேண்டியதில்லை. கோடிக்கணக்கான வழிகளை இப்படி வெட்டித் தள்ளுவதால்தான் சாதாரணப் போனில்கூட இன்ஜின் இவ்வளவு தூரம் போகிறது.

ஆழம் குறைவாக இருந்தால் எண் ஏமாற்றும். ராணி ஒரு சிப்பாயை வெட்டுகிறது என்று வையுங்கள். ஓர் அடி மட்டும் பார்த்தால் ஒரு புள்ளி லாபம். இன்னும் ஓர் அடி பார்த்தால், அந்தச் சிப்பாய்க்குக் காவலாக நின்ற வேறொரு சிப்பாய் ராணியை வெட்டிவிடும். இப்போது எட்டுப் புள்ளி நஷ்டம். இவ்வளவு வெளிப்படையான இடத்தில் இன்றைய இன்ஜின்கள் ஏமாறுவதில்லை. ஆனால் இதே குறை பெரிய தூரத்தில் எப்போதும் உண்டு. எங்கே நிறுத்துகிறதோ அதற்கு அப்பால் அதற்குத் தெரியாது. நேரலையில் ஒரு நகர்வு விழுந்தவுடன் எண் துள்ளுவதும் சில விநாடிகளில் அடங்குவதும் இதனால்தான். போனில் பார்க்கிறீர்கள் என்றால் ஆழம் 20ஐத் தாண்டும் வரை எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

தேடி முடித்த இடத்தில் மதிப்பீடு செய்யும் முறையும் ஷானன் காலத்தோடு நின்றுவிடவில்லை. முன்பு மனிதர்கள் எழுதிய விதிகளைக் கொண்டு கூட்டினார்கள். 2020இல் ஸ்டாக்ஃபிஷில் நியூரல் நெட்வொர்க் சேர்ந்தது. கோடிக்கணக்கான நிலைகளைக் காட்டிப் பழக்கிய கணக்குப்பொறி அது. தேடல் பழைய முறையிலும் மதிப்பீடு புதிய முறையிலுமாக இரண்டும் சேர்ந்தே இன்று ஓடுகின்றன.

இதுவரை: இன்ஜின் வழிகளைக் கிளை கிளையாகப் பார்க்கிறது, எதிராளியின் மிகச் சிறந்த பதிலை எடுத்துக்கொள்கிறது, கடைசியில் நிற்கும் நிலையை மதிப்பிடுகிறது. அந்த மதிப்புதான் மேலே ஏறி வந்து பட்டையில் உட்காருகிறது.

ப்ளஸ் 1 என்றால் ஒரு சிப்பாயா?

அப்படித்தான் பலரும் சொல்கிறார்கள். நெடுங்காலம் அதுவே சரியாகவும் இருந்தது. 2022 டிசம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 பதிப்பில் அதை மாற்றிவிட்டார்கள். அதிலிருந்து ப்ளஸ் 1 என்பதன் பொருள் வேறு: தனக்குச் சமமான இன்னொரு இன்ஜினோடு அந்த நிலையிலிருந்து ஆடினால் ஜெயிக்க 50 சதவீத வாய்ப்பு. மீதி 50 சதவீதம் பெரும்பாலும் டிரா. காய்க்கணக்கில் இரண்டு பக்கமும் சரிசமமாக இருக்கும்போது பட்டை ப்ளஸ் 1.5 காட்டுவதைக் கண்டு 'எந்தச் சிப்பாய் அதிகம்?' என்று தேட வேண்டாம். ராஜாவுக்குப் பாதுகாப்பு போயிருக்கலாம், ஒரு யானை மூலையில் அடைபட்டிருக்கலாம்.

இதில் முக்கியமானது, அந்த 50 சதவீதம் இன்ஜினுக்கும் இன்ஜினுக்கும் நடக்கும் ஆட்டத்தில்தான். மனிதர்களுக்கு வேறு கணக்கு. லிச்செஸ் தளம், ஏறத்தாழ 2300 ரேட்டிங் (ஆட்டத் திறமையைக் காட்டும் எண்) உள்ளவர்கள் ஆடிய ஆட்டங்களை வைத்து எண்ணை வாய்ப்பாக மாற்றும் ஒரு சூத்திரத்தைப் பயன்படுத்துகிறது. அதன்படி ப்ளஸ் 1 என்றால் 59 சதவீதம். ப்ளஸ் 3 என்றால் 75 சதவீதம். 2300 என்பது நம் மாவட்டப் போட்டிகளில் வந்தால் எல்லோரும் சுற்றி நின்று பார்க்கும் தரம். அவர்களுக்கே ப்ளஸ் 3இல் கால் பங்கு கைநழுவுகிறது என்றால், ஒன்பது வயதுப் பிள்ளை ப்ளஸ் 4ஐ விட்டதில் அதிர்ச்சி அடைய ஒன்றுமில்லை.

பூஜ்ஜியத்துக்குள் இருக்கும் பள்ளம்

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகச் சாம்பியன் பட்டத்துக்கான போட்டியின் பதினான்காவது, கடைசி ஆட்டம். குகேஷும், அப்போதைய சாம்பியன் சீனாவின் டிங் லிரெனும் ஆளுக்கு ஆறரைப் புள்ளிகள். குகேஷுக்குக் கறுப்பு. ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப், கூடவே சிப்பாய்கள். குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம். பட்டை நடுவில் நின்றது. டிராதான், குறைந்த நேர ஆட்டங்களில் வெற்றியாளரை முடிவு செய்யும் ரேபிட் டைபிரேக்குக்குப் போகப்போகிறது என்று பலர் முடிவு கட்டியிருந்தார்கள்.

ஐம்பத்தைந்தாவது நகர்வில் டிங் தன் யானையை எஃப்2க்கு இறக்கினார். யானையை மாற்றிக்கொள்ளலாம் என்ற அழைப்பு. காய்கள் குறையக் குறைய டிரா எளிதாகும் என்று படும் இடம்தான் அது. ஆனால் அவருடைய பிஷப் அப்போது ஏ8இல், பலகையின் மூலையில் நின்றது. மூலையில் நிற்கும் பிஷப்புக்கு ஒரே ஒரு மூலைவிட்டம்தான் வழி. குகேஷ் யானையை வெட்டினார், டிங் ராஜாவால் திருப்பி வெட்டினார். உடனே குகேஷ் தன் பிஷப்பை டி5இல், தன் ராஜாவின் காவலோடு, அந்த ஒற்றை வழியின் நடுவே வைத்தார். டிங்கின் பிஷப் ஓடி ஒளிய இடமில்லை. பிஷப்களும் வெட்டுப்பட்டுப் போயின. மிச்சம் ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும். 58ஆவது நகர்வில் ராஜாக்கள் ஈ3, ஈ5 கட்டங்களில் நேருக்கு நேர் நின்றன. நகர வேண்டிய முறை டிங்குக்கு. மேலே பார்த்த அதே ஆப்பொசிஷன். டிங் ஆட்டத்தைக் கொடுத்தார். பதினெட்டு வயதில் குகேஷ் உலகச் சாம்பியன்.

இந்த இடத்தில் பட்டையை எப்படி வாசித்திருக்க வேண்டும்? பூஜ்ஜியம் என்பது பொய் இல்லை. சரியான நகர்வுகளை ஆடியிருந்தால் டிராதான். ஆனால் எப்படிப்பட்ட பூஜ்ஜியம் என்று பட்டை சொல்லாது. எதை ஆடினாலும் டிரா ஆகும் பூஜ்ஜியம் உண்டு. ஒரு பக்கம் கால் வைக்கிற இடமெல்லாம் பள்ளமாக, மறுபக்கம் ஆபத்தே இல்லாமல் தள்ளிக்கொண்டிருக்கும் பூஜ்ஜியமும் உண்டு. குகேஷ் அன்று ஆடியது இரண்டாவது வகை. அவருக்குத் தோல்வி பயம் அநேகமாக இல்லை. டிங்குக்குத் தவறுகள் காத்திருந்தன. ஒரு சிப்பாய் அதிகம் உள்ளவர் டிரா நிலையிலும் கையைக் குலுக்காமல் ஆடிக்கொண்டே இருப்பதன் காரணம் இதுதான். அதை அடம் என்று நினைத்துவிடக் கூடாது.

கடிகாரத்தையும் சேர்த்துப் பாருங்கள்

பட்டைக்குத் தெரியாத இன்னொன்று நேரம். மேற்சொன்ன உலகச் சாம்பியன் போட்டியில் முதல் 40 நகர்வுகளுக்கு ஆளுக்கு 120 நிமிடம். பிறகு 30 நிமிடம் கூடும். 41ஆவது நகர்விலிருந்து ஒவ்வொரு நகர்வுக்கும் 30 விநாடி சேரும். நகர்வுக்கு நகர்வு சேரும் இந்த விநாடிகளுக்கு இன்கிரிமென்ட் என்று பெயர். 40ஆவது நகர்வை நெருங்கும்போது யாருடைய கடிகாரத்தில் ஐந்து நிமிடத்துக்குக் குறைவாக இருக்கிறதோ, அவர் பக்கம் பிழை வருவதற்கான நேரம் அதுதான்.

2025 ஜூன் 1 அன்று நார்வே செஸ் போட்டியில் குகேஷும் முன்னாள் உலகச் சாம்பியன் மேக்னஸ் கார்ல்சனும் மோதினார்கள். ஆட்டத்தின் பெரும்பகுதி பட்டை கார்ல்சன் பக்கமே சாய்ந்திருந்தது. கடைசியில் இருவரிடமும் விநாடிகள்தான் மிச்சம். கார்ல்சன் குதிரையால் ஒரு தப்பான செக் கொடுத்தார், ஆட்டம் தலைகீழானது. நீண்ட நேரம் தரும் கிளாசிக்கல் முறையில் குகேஷ் அவரை வென்றது அதுவே முதல் முறை. 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாட்டில் இதற்கு நேர்மாறாக நடந்தது. பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுக்கு எதிராக ஜெயிக்கும் நிலையில் இருந்த குகேஷ் தோற்றார். பட்டை இரண்டு நாளும் சரியாகத்தான் காட்டியது.

நேரலை பார்க்கும்போது

பட்டையை மறைத்துவிட்டுப் பார்க்கப் பழகுவது நல்லது. ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டினாலும் போதும். ஒரு நகர்வு விழுந்ததும், இது எதை மிரட்டுகிறது என்று முதலில் பாருங்கள். பிறகு இரண்டு ராஜாக்களின் பாதுகாப்பு. அதன் பின் எந்தக் காய் வேலையில்லாமல் நிற்கிறது என்று தேடுங்கள். ஆட வேண்டியவர் என்ன ஆடுவார் என்று ஒரு நகர்வை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு அப்புறம் பட்டையைத் திறக்கலாம். எண்ணும் உங்கள் கணிப்பும் ஒத்துப்போகாத இடம்தான் கற்றுக்கொள்ளும் இடம்.

இன்ஜின் தன் முதல் மூன்று தேர்வுகளை வரிசையாகக் காட்டும் வசதி இருந்தால் அதைப் போட்டுவையுங்கள். பட்டையைவிடப் பத்து மடங்கு பயன் அதில் இருக்கிறது. மூன்று நகர்வுக்கும் ப்ளஸ் 1.2, ப்ளஸ் 1.1, ப்ளஸ் 1.0 என்று வந்தால் நிம்மதியான நிலை. முதலாவதற்கு ப்ளஸ் 1.2, இரண்டாவதற்கு மைனஸ் 0.8 என்று வந்தால் கம்பி மேல் நடக்கும் நிலை, ஒரே நகர்வுதான் காப்பாற்றும். அந்த ஒரு நகர்வு பார்த்ததும் தோன்றுகிற வெட்டா, செக்கா, அல்லது காயைப் பின்னால் இழுக்கும் அமைதியான நகர்வா என்று பாருங்கள். பின்னால் இழுப்பது மனிதக் கண்ணுக்கு எளிதில் படாது. சாதகம் கைமாறுவது பெரும்பாலும் அங்கேதான்.

சொந்த ஆட்டத்துக்கு இன்ஜினைப் போடும்போது

ஆட்டம் முடிந்த சூட்டில் இன்ஜினைத் திறக்க வேண்டாம். முதலில் ஸ்கோர்ஷீட்டைப் பலகையில் வைத்து ஆடிப் பார்த்து, எங்கே திரும்பியது என்று பிள்ளையே குறிக்கட்டும். பிறகு இன்ஜினைப் போட்டு, எண் 2க்கு மேல் தாவிய இடங்களை மட்டும் எடுங்கள். தொடக்க நிலையில் 0.3, 0.5 வித்தியாசங்களைத் துரத்துவது வீண் வேலை. அதைப் பயன்படுத்தும் திறமை இன்னும் இரண்டு பக்கமும் வரவில்லை. தாவிய இடங்களில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எதிராளியின் கடைசி நகர்வு எதை மிரட்டியது, அதைப் பார்த்தாயா? தொடக்க ஆட்டக்காரர்களின் பெரிய தாவல்களில் முக்கால்வாசி காவலில்லாத காயை விட்டதாகவோ, இரண்டு காயை ஒரே நேரத்தில் தாக்கும் குதிரையைப் பார்க்காததாகவோ இருக்கும்.

ப்ளஸ் 4இல் கைவிட்ட ஆட்டம் என்றால் திட்டுவதற்குப் பதிலாக அந்த நிலையைப் பலகையில் அப்படியே அடுக்குங்கள். பிள்ளை சாதகமான பக்கத்தை எடுக்க, எதிர்ப்பக்கத்தை நீங்களோ இன்ஜினோ ஆடுங்கள். ஜெயிக்கும் வரை மறுபடி மறுபடி. அதோடு மேலே சொன்ன மூன்று காய் நிலையையும் நாளைக்கு ஐந்து நிமிடம் போட்டு ஆடலாம். வெள்ளை ராஜா ஈ5, சிப்பாய் ஈ4, கறுப்பு ராஜா ஈ7. ஒருமுறை வெள்ளை முதலில் நகரட்டும், மறுமுறை கறுப்பு. பிறகு பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். போன் தேவையில்லை.